பசி என்னுடையது, சலிப்பு அவருடையது

ஹோம்புஷ் வீட்டில் காலையில் எழும்பினால் என்னுடைய முதல் வேலை கோப்பை பொறுக்குவது. ஜன்னல் கட்டையில் ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் ஒன்று, செருப்பு கழற்றுகிற இடத்தில் ஒன்று. எல்லாவற்றிலும் பாதித் தேத்தண்ணி. வீட்டுக்கார அங்கிள் ஒரு கோப்பையை அடிமட்டும் குடித்து நான் கண்டதில்லை. முதல் கிழமை மனுசனுக்கு ஏதோ வருத்தமாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் கிழமைதான் அது கொள்கை என்று தெரிந்தது. வருத்தமென்றால் மருந்து கொடுத்திருக்கலாம்.

நான் படகில் வந்து, முகாமில் இருந்து, தற்காலிக விசாவோடு வெளியே விடப்பட்டது 2011 கடைசியில். கோயிலில் யாரோ ஒருவர், "அங்கை ஒரு அங்கிள் தனிய இருக்கிறார், ஒரு அறை சும்மா கிடக்கு" என்று கூட்டிக்கொண்டு போய் விட்டார். அங்கிளுக்கு அறுபத்தாறு வயது. மனைவி இறந்து நாளாகியிருந்தது. ஒரே மகள் மெல்பேர்னில், மல்கிரேவில் இருந்தா. இவர் எண்பதுகளிலேயே விமானத்தில் வந்து இறங்கி, ஒரு சரக்குக் கம்பனியில் இருபது வருடம் சிட்டை எழுதுகிற கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுதி மிஞ்சிய ரோஸ் நிறச் சிட்டைப் புத்தகங்களை மட்டும் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்.

நானும் பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு ஒருவரையொருவர் கைவிட்டவர்கள். அதனால் புத்தகத்தோடு இருக்கிற ஆளைக் கண்டால் எனக்கு மரியாதை தானாக வரும். அங்கிளின் கையில் எப்போதும் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. என்ன புத்தகம் என்று கேட்டேன். அதுதான் நான் விட்ட முதல் பிழை.

"போர்த்துக்கல்காரன் ஒருத்தன் எழுதினது. நான் இங்கிலீசில வாசிக்கிறன். இதில கதைக்கிறவன் ஒரு கிளாக்கு, என்னை மாதிரி. எழுதினவன் இருக்குமட்டும் இது புத்தகமா வரயில்லை. செத்தாப் பிறகு பெட்டியைத் திறந்தா, துண்டு துண்டாக் கடதாசி. எது முந்தி எது பிந்தி எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி அடுக்கி அச்சடிச்சிருக்கினம்."

"கதை என்ன அங்கிள்?"

"கதை இல்லை."

"அப்ப என்னதான் நடக்குது?"

"ஒண்டும் நடக்காது. கந்தோர், தெரு, மழை, சலிப்பு."

"எத்தினை தரம் வாசிச்சனீங்கள்?"

"இன்னும் முடிக்கேல்லை" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை, பிள்ளை டொக்டராகிவிட்டது என்று சொல்லுகிற தகப்பன்மாரிடம்தான் கண்டிருக்கிறேன்.

போர்த்துக்கேயன் எங்கள் ஊரைப் பிடித்து, கோயில்களை இடித்து, போகும்போது சில சொற்களை விட்டுவிட்டுப் போனான் என்பது எனக்கும் தெரியும். "அங்கிள், போர்த்துக்கேயன் எங்கட சனத்துக்குக் குசினி தந்தான், கதிரை தந்தான், சப்பாத்துத் தந்தான். உங்களுக்கு மட்டும் சும்மா கிடக்கப் படுக்கையைத் தந்திட்டுப் போயிருக்கிறான்" என்றேன். சிரிக்கவில்லை. அவர் சிரிப்பையும் பாதியிலேயே விட்டுவிடுகிற ஆள்.

அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவரும் துண்டு எழுதினார். சிட்டையின் பின்பக்கத்தில் நாலு வரி. எழுதியதை ஒரு பழைய சூட்கேசுக்குள் போட்டுவிடுவார். இலக்கம் இல்லை, திகதி இல்லை. "முடிச்சால் செத்திடும், தம்பி" என்பார். வீட்டில் அந்தக் கணக்கில் செத்தது ஒன்றுமில்லை. கதவு மாட்டாத அலுமாரி ஒன்று நாலு வருடமாகக் கதவுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. சுவரில் பாதி வெள்ளை, பாதி மஞ்சள். கறிக்கு வெங்காயம் வெட்டத் தொடங்குவார், மூன்றாவது வெங்காயத்தில் ஏதோ தோன்றும், கத்தியை வைத்துவிட்டுத் துண்டு எழுதப் போய்விடுவார். மிச்ச வெங்காயத்துக்கு நான் அழுவேன். தேவாரம் பாடினால் இரண்டாவது அடியோடு சரி. சிவபெருமான் மிச்சத்தைத் தானே பாடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருமுறை பெண்டில் ஹில்லில் ஒரு கணக்காளரின் கவிதைப் புத்தக வெளியீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த மனுசன் பாவம், பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு நின்றார். எங்கள் அங்கிள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உயிரோட இருக்கேக்க புத்தகம் போடுறது, உயிரோட இருக்கேக்க பாடையில ஏறிப் படுக்கிற மாதிரி. உமக்கு அவசரம் போல." சொல்லிவிட்டு வடைத் தட்டுப் பக்கம் போனார். ஐந்து வடை. அங்கிள் முழுதாக முடித்து நான் கண்ட ஒரே விசயம் அந்த ஐந்து வடைதான்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அங்கிள், செத்தாப் பிறகு புத்தகம் வாறது என்ன பெரிய அதிசயமே? எங்கட ஆக்களில ஆருக்கு வராமல் விட்டது? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குச் சோத்தைப் போட்டு, கையில ஒரு நினைவு மலரையும் குடுத்துத்தானே அனுப்புறவை. எங்கட ஊரில மீன் வித்த மனுசிக்கும் புத்தகம் வந்தது. கலர் அட்டை. உங்கட போர்த்துக்கல்காரனுக்குக் கனகாலம் காத்திருக்க வேண்டி வந்திட்டுது. எங்கட மீன்காரிக்கு ஒரு மாசம்."

ஹோம்புஷ் வரும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நல்ல இரண்டு நாள்.

இப்படிப்பட்ட மனுசனிடம்தான் நான் என் உயிரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என்னுடைய விசா விண்ணப்பத்துக்கு முதல் தடவை இல்லை என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவது விசாரணை ஒன்று இருக்கிறது, அதிலும் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: என்ன நடந்தது என்று தொடக்கத்திலிருந்து வரிசையாக, திகதியோடு எழுதி ஒரு வாக்குமூலம் வேண்டும், எல்லாம் அதில்தான் தங்கியிருக்கிறது. அங்கிளிடம் சொன்னேன். "நான் எழுதித் தாறன். உமக்கேன் கவலை? இங்கிலீசு எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார். நானும் நம்பினேன். எட்டாம் வகுப்பு என்றால் சும்மாவா.

ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து வந்து குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு நான் சொல்வேன். அவர் கதிரையில் இருந்து சிட்டையில் எழுதுவார்.

"கடலுக்குள்ள எத்தினை நாள்?"

"பத்தொன்பது நாள், அங்கிள்."

"கடல் என்ன நிறமா இருந்தது?"

"அங்கிள், நான் வாயாலையும் வயித்தாலையும் போய்க்கொண்டு கிடந்தனான். நிறம் பாக்கேல்லை."

"யோசிச்சுச் சொல்லும்."

"அதை விடுங்கோ, திகதியை எழுதுங்கோ. லோயர் திகதிதான் கேட்டவர்."

"திகதி கிளாக்குகளுக்கு."

"நீங்களும் கிளாக்குத்தானே?"

பேனையை மூடிவிட்டார். "இண்டைக்கு இவ்வளவு காணும்." எழுதிய துண்டைக் கொண்டுபோய், தன்னுடைய துண்டுகள் கிடக்கிற அதே சூட்கேசுக்குள் போட்டார். வேறாக வையுங்கோ என்று நூறு தரம் சொல்லியிருப்பேன். "எல்லாம் ஒண்டுதான்" என்பார். எப்போது முடியும் என்று கேட்டால், "வாற திங்கள்" என்பார். எந்தத் திங்கள் என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

ஏழு மாதம் போனது. குளிர்காலத்தில் ஒருநாள் அங்கிள் பால் வாங்கிக்கொண்டு வரும்போது, ஸ்டேசன் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. சரியாகப் படியின் நடுவில். ஆரோ வந்து சொல்லி நான் ஓடிப் போனபோது எனக்கு முதலில் தோன்றியது, மனுசன் இதையும் முடிக்கவில்லை என்பதுதான். அடுத்ததாகத் தோன்றியது, என் வாக்குமூலம். கண்ணீர் மூன்றாவதாகத்தான் வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள்தான், மறைத்து என்ன.

மகள் மல்கிரேவிலிருந்து வந்தா. முப்பத்தொரு வயது, கந்தோர் உடுப்பு, அளந்து பேச்சு. அழவில்லை. செத்தவீட்டு வேலைகளை எல்லாம் லிஸ்ட் போட்டு, ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தா. தகப்பனுக்கு இப்படி ஒரு மகளா என்று எனக்கு ஆச்சரியம். சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து மூன்றாம் கிழமை, சூட்கேசைக் கொண்டுவந்து அறை நடுவில் கொட்டினா.

"அண்ணா, அந்தியேட்டி மலரில அப்பா எழுதினதுகளைப் போடுவம் எண்டு நினைக்கிறன். பிரிண்டர் புதன்கிழமைக்குள்ள கேக்கிறார்."

"தங்கச்சி, அதுக்குள்ள என்ர உயிரும் கிடக்கு" என்றேன். விசயத்தைச் சொன்னேன். வழக்கறிஞர் எனக்குத் தந்திருந்த கடைசி நாள் திங்கட்கிழமை.

அவ ஒரு துண்டை எடுத்து வாசித்தா. இன்னொன்று. இன்னொன்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தா. "சீரியஸா? எல்லாம் 'நான், நான்' எண்டுதான் இருக்கு. இதில எது அப்பா, எது நீங்கள்?"

வாக்குமூலம் என்றால் 'நான்' என்றுதான் எழுத வேண்டும். அவருடைய துண்டுகளிலும் 'நான்' தான். இரண்டு பேரையும் ஒரே சிட்டையில், ஒரே பேனையால், ஒரு இலக்கம் போடாமல் எழுதிக் கலந்துவிட்டுப் போயிருந்தார் மனுசன். முன்னூறு துண்டுக்கு மேல் இருக்கும். எனக்கு இங்கிலீசு வாசிக்க வராது. அவவுக்கு என் கதை தெரியாது. நிலத்தில் எதிரும் புதிருமாக இருந்தோம். அவ வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அது ஆருடையது என்று நான் சொல்ல வேண்டும்.

"'ஜன்னலில் மழை. எழும்ப மனமில்லை.'"

"அங்கிள்."

"'தண்ணிப் பீப்பாவில் உப்பு ஏறிவிட்டது.'"

"நான்."

"'இந்தத் தெருவில் எல்லாரும் எங்கோ போகிறார்கள். எனக்குப் போக இடமில்லை.'"

"அங்கிள். எனக்குப் போக இடம் இல்லாமல்தான் இஞ்ச வந்தனான், ஆனா தெருவைப் பாத்துக்கொண்டு நிக்க எனக்கு எங்க நேரம்?"

கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு விதி பிடிபட்டது. "தங்கச்சி, கஷ்டப்படாதேங்கோ. பசிக்குது எண்டிருந்தா என்ர. சலிக்குது எண்டிருந்தா அப்பான்ர."

அவ சிரித்தா. வந்து மூன்று கிழமையில் முதல் தடவை. அதற்குப் பிறகு வேலை விறுவிறு என்று போனது. ஒரு இடத்தில்தான் தடக்கியது. "'தோள்மூட்டு இன்னும் நோகிறது.' அப்பாவுக்கும் தோள்மூட்டு நோ இருந்தது, அண்ணா." நான் சட்டையை விலக்கித் தோளில் இருக்கிற தழும்பைக் காட்டினேன். அவ துண்டை என் பக்கம் வைத்தா.

பிறகு ஒரு துண்டை எடுத்து இரண்டு தரம் வாசித்தா. "'பதினொரு பேருக்கு ஒரு பிஸ்கட் பக்கட். என் பங்கை நக்கி வைத்திருந்தேன், ஒருத்தரும் பறிக்கக் கூடாது என்று. அன்றைக்குத்தான் எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது.'" கண் கலங்கியிருந்தது. "அப்பா இப்பிடியும் எழுதியிருக்கிறாரே."

அது நான். பசி, பிஸ்கட், நக்கியது, எல்லாம் நான். ஆனால் தகப்பனுடைய துண்டுகளில் ஒன்றுக்காவது அந்தப் பிள்ளைக்கு அழுகை வந்திருக்கிறது. "உங்கட பக்கம் வையுங்கோ" என்றேன். அங்கிளுக்கும் ஒருநாள் பசித்திருக்கட்டும்.

முடியப் போகிற நேரத்தில் இன்னொரு துண்டு. அதை எடுத்தவ வாசிக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தா. "எழுத்து விளங்கேல்லையோ?" என்றேன். "விளங்குது" என்றா. "'கேற்றடியில் விட்டுவிட்டு, பின்னேரம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.' இது உங்கட."

நான் புறப்பட்ட அன்று அம்மா கேற்றடியில்தான் நின்றா. பின்னேரம் வாறன் என்று பொய்தான் சொன்னேன். இதை எப்போது அங்கிளுக்குச் சொன்னேன் என்று நினைவு வரவில்லை. "ஓம், என்ர" என்றேன். அவ துண்டை என் பக்கம் வைத்து, மேலே இன்னொரு துண்டை எடுத்து மூடிவிட்டா.

அந்தியேட்டிக்கு மலர் வந்தது. அட்டையில் அங்கிள் சூட் போட்ட படம், உள்ளே தேவாரம், மருமகன் இல்லாத குடும்ப மரம், பிறகு துண்டுகள். சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு அன்ரி பிஸ்கட் துண்டை வாசித்துவிட்டுப் பக்கத்து மனுசனைப் பிடித்தா. "இஞ்சேருங்கோ, இவர் போட்டில வந்தவரோ? பிளேனில வந்து இறங்கேக்க நீங்கள்தானே எயார்போட்டுக்குப் போனனீங்கள்!" அவர் தலையைச் சொறிந்தார். "அந்தக் காலத்தில ஆர் என்னத்தைச் சொன்னது?" நான் பாயாசத்தோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

என்னுடைய பங்குத் துண்டுகளை வழக்கறிஞரின் கந்தோரில் தட்டச்சு செய்து, பந்தி பந்தியாக இலக்கம் போட்டார்கள். சரிபார்க்க என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தொலைபேசியில் வாசித்தார்கள். நான் கார் கழுவுகிற இடத்தில் தண்ணிக் குழாயோடு நின்றேன். ஒரு சொல் கேட்டது, மூன்று சொல் தண்ணியோடு போனது. "ஓம், ஓம்" என்றேன். என் வாழ்க்கையில் வந்த தொல்லைகளில் முக்கால்வாசி, ஓம் ஓம் என்றதால் வந்தவை.

விசாரணை அறையில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவ, ஒவ்வொரு பந்தியாகப் பார்த்துக்கொண்டு வந்தா. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பெண். பதினேழாம் பந்தியில் நின்றார்கள்.

"இதுல, 'என் குழந்தையைக் கேட் பக்கத்துல விட்டுட்டு, சாயங்காலம் வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்தேன்'னு இருக்கு. ஆனா விண்ணப்பத்துல உங்களுக்குக் கல்யாணம் ஆகலைன்னு போட்டிருக்கீங்க. அந்தக் குழந்தை யாருன்னு கேக்கறாங்க."

"குழந்தையெண்டே இருக்கு?"

"ஆமா. என் அஞ்சு வயசுக் குழந்தைன்னு தெளிவா இருக்கு."

நிலத்தில் இருந்துகொண்டு வாசித்த அங்கிளின் மகள் எந்தச் சொல்லை விழுங்கினா என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓம் என்றால் பொய். இல்லை என்றால் என்னுடைய வாக்குமூலமே பொய். கல்யாணம் ஆகாமலே தகப்பனாகிவிட்டேன், அதுவும் செத்துப் போனவர் செய்து வைத்த வேலை. என் வாயில் 'ஓம்' தான் முதலில் வந்து நின்றது, பழக்கதோசம். விழுங்கினேன்.

"எனக்குப் பிள்ளை இல்லை. அது இதை எழுதின மனுசன்ர பிள்ளை. அவர் செத்துப் போனார். அவற்ற கடதாசியும் என்ர கடதாசியும் கலந்து போச்சுது."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினா. "அப்படின்னா, இதுல வேற எதெல்லாம் உங்களோடது இல்லைன்னு கேக்கறாங்க."

என் வழக்கறிஞர் கடதாசிக் கட்டை மெதுவாக மூடினார். "கடதாசியை விடுங்கோ" என்றேன். "நானே சொல்லுறன். முதலில இருந்து."

சொன்னேன். ஒழுங்காக, ஒன்றுக்குப் பின் ஒன்றாக, திகதியோடு. பிடித்துக்கொண்டு போன திகதி, விட்ட திகதி, தோளை முறித்த திகதி, படகில் ஏறிய திகதி. எட்டாம் வகுப்புக்காரனுக்கு எல்லாம் மனப்பாடமாகத்தான் இருந்தது. ஏழு மாதமாக ஒருத்தரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்த அம்மா இடையிடையே மறித்து மறித்துக் கேட்டா. நான் பிசகவில்லை. கடல் என்ன நிறம் என்று அவ கேட்கவேயில்லை. கடைசியில் "முடிஞ்சுது" என்றேன். அதையும் மொழிபெயர்த்துச் சொன்னார்கள்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று. கோயிலில் நாலு பேர், "அந்த மனுசன் எழுதிக் குடுத்தபடியால்தான் உமக்குக் கிடைச்சது, என்ன படிச்ச மனுசன்" என்றார்கள். நான் ஓம் ஓம் என்றேன்.

மல்கிரேவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தங்கச்சி, உங்கட துண்டு ஒண்டு என்ர பக்கம் மாறி வந்திட்டுது."

"மாறேல்லை, அண்ணா. நான்தான் வைச்சனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களுக்குக் கரைச்சல் வரும் எண்டு யோசிக்கேல்லை."

"ஏன் வைச்சனீங்கள்?"

"அது மலரில வந்திருந்தா எல்லாரும் வாசிச்சு அழுதிருப்பினம். ஐயோ, பிள்ளையை விட்டிட்டு வந்த மனுசன், எவ்வளவு வேதனைப்பட்டிருப்பார் எண்டு அவருக்காக அழுதிருப்பினம். கேற்றடியில நிண்டது நான்."

எவ்வளவு நேரம் நின்றனீங்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவவே சொன்னா.

"அம்மா இழுத்துக்கொண்டு போகுமட்டும் நிண்டனான். அடுத்த நாளும் நிண்டனான். எனக்குப் பதினொரு வயசாகேக்கதான் எங்களைக் கூப்பிட்டவர்."

"துண்டை அனுப்பவோ?"

"வேண்டாம். எறிஞ்சுபோடுங்கோ."

எறியத்தான் எடுத்தேன். குப்பைவாளி வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். கதவில்லாத அந்த அலுமாரிக்குள் கிடக்கிறது. அந்த மனுசனோடு இருந்து பிடித்த வியாதி.

ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டு ஆறு வருடம் வராத மனுசன். அவரிடம் போய், வாற திங்களுக்குள் எழுதி முடிப்பீர்களா அங்கிள் என்று, ஏழு மாதம் தேங்காய் துருவிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னைத்தான் சொல்ல வேணும்.